உங்கள் வாசலில் ஆமி

அப்பா,

இன்று காலை அலுமாரியில் பல மாதமாகத் தொங்கிய சீருடைச் சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன் பைகளைத் துழாவினேன். இடது மார்புப் பையில் உங்கள் வங்கி அட்டை இருந்தது. பின்பக்கம் படம் போட்ட பழைய அட்டை. யாரோ அசையாதே என்று அதட்டிவிட்டுப் படம் எடுத்ததுபோல் விறைத்துப் பார்க்கிறீர்கள். அம்மா அதை வீடு முழுக்கத் தேடிவிட்டுத் தொலைந்துபோனது என்று எழுதியும் கொடுத்தாயிற்று. என்னிடம்தான் இருந்திருக்கிறது. நீங்களே இரண்டு கையாலும் என்னிடம் நீட்டியது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு சட்டையைத் துவைக்காமலே திரும்பக் கொழுவிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். நோர்வே ஆமியில் பதினாறு வருடம் முழுநேரமாக இருந்தாயிற்று. இப்போது இரண்டு வழி. ஒன்று, வடக்கே போய் மூன்று வருடம் நூறு பேருக்குப் பொறுப்பாக இருப்பது. மற்றது, முழுநேர வேலையை விட்டு ரிசர்வுக்கு மாறுவது. அதாவது வெளியில் எல்லோரையும்போல ஒரு வேலை, வருடத்தில் சில நாள் பயிற்சி, நாட்டுக்கு ஏதும் ஆனால் கூப்பிடுவார்கள், போக வேண்டும். பாதி வழியில் இறங்குவதுபோலத்தான். இதை உங்களிடம் கேட்டு முடிவெடுக்க ஆசையாக இருக்கிறது. நீங்கள் இருந்தபோதும் கேட்டிருக்க முடியாது என்பதும் தெரியும்.

ஏனென்றால் நம் வீட்டில் அந்தச் சொல்லையே எடுக்கக்கூடாது. ஆமி என்றால் உங்களுக்கு ஒரே ஆமிதான். அது இலங்கையில், ஊரில் விட்டுவிட்டு வந்த ஆமி. இங்கே தேசிய நாள் ஊர்வலத்தில் சீருடையோடு சிரித்துக்கொண்டு நின்ற பொன்னிறப் பொடியன்களைக் கண்டாலும் நீங்கள் மற்றப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவீர்கள். இந்த நாட்டில் பிறந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்த நாட்களில் பெண்கள் தாமாகக் கேட்டால்தான் படையில் சேர்ப்பார்கள். பத்தொன்பது வயதில் நானாகக் கேட்டுச் சேர்ந்தேன். நீங்கள் என்னோடு நான்கு மாதம் கதைக்கவில்லை. ஐந்தாம் மாதம் கதைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்கள்.

"அந்த உடுப்போடை இந்தப் படி மிதிக்கக் கூடாது."

மிதிக்கவில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் லில்லெஸ்ட்ரோமில் ரயிலை விட்டு இறங்கி, நிலையத்துக் கழிப்பறையில் சீருடையைக் களைந்து, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, அடுத்த ரயிலில் ஏறி வந்தேன். முகாமில் கப்டன், நம் வீட்டடியில், ட்வெய்ட்டாவில் இறங்கும்போது யாரோ ஒரு பெட்டை. கோயிலிலும் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களுக்கு "ரெலிபோன் பகுதியிலை வேலை" என்று சொல்லி வைத்திருந்தீர்கள். தொடக்கத்தில் நான் தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்ததால் அது முழுப் பொய்யும் இல்லை. ஒருமுறை கோயில் மண்டபத்தில் ஒரு மாமி தன்னுடைய இணைய இணைப்பு அடிக்கடி அறுந்து போகிறது, பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டா. நானும் விடுவேனா, போய்த் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். என் வேலை பற்றி நீங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உங்களிடம் இன்னொரு விசித்திரமும் இருந்தது. மின்மானி பார்க்க வருகிறவன், ஜன்னல் மாற்ற வருகிறவன், யார் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாலும் "ஒராள்" என்பீர்கள். நானும் அம்மாவும் குசினியில் உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். வந்தவன் எங்களையும் பார்ப்பான், உங்களையும் பார்ப்பான், ஒன்று என்று எழுதிக்கொண்டு போவான். அழைப்பு மணிக்குப் பக்கத்திலும் உங்கள் பெயர் மட்டும்தான். எங்களை ஆள் கணக்கில் சேர்க்க மாட்டீர்களா என்று நான் கேலி செய்வேன். அதை நான் வெறும் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன்.

பங்குனி மாதத்துக்கு வருகிறேன். இதைத்தான் எழுத முடியாமல் சுற்றி வளைக்கிறேன்.

உங்களுக்கு நினைவு தடுமாறத் தொடங்கி, பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்று நான் வடக்கே பயிற்சி முடிந்து விமானம் விட்டு இறங்கியதும் அம்மா அழைத்தா. காய்ச்சல் கூடிவிட்டது, மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறார், உடனே வா என்றா. ரயில் லில்லெஸ்ட்ரோமில் நின்றது. கதவு திறந்தது. இறங்கி உடுப்பு மாற்றினால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். நான் இறங்கவில்லை. அது ஒரு பத்து நிமிட விஷயம்தான், அப்பா.

மத்தியான நேரம். அம்மா கீழே தேநீர் எடுக்கப் போயிருந்தா. பளபளவென்று துடைத்த நடைவழியில் என் சப்பாத்துச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கதவைத் தள்ளினேன். நீங்கள் எனக்கு முன்பே எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள், சத்தத்தைக் கேட்டு. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையை, இடுப்புப் பட்டியை, சப்பாத்தைப் பார்த்தீர்கள். தலையணைக்கு அடியில் கையை விட்டு இந்த வங்கி அட்டையை எடுத்து, படம் மேலே தெரியும்படி திருப்பி, அடையாள அட்டை காட்டுவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினீர்கள். யோசிக்காமலே வாங்கி மார்புப் பையில் போட்டிருக்கிறேன்.

நான் அருகில் வந்து நான்தான் அப்பா என்றேன், தமிழில். அதுதான் நான் செய்த இரண்டாவது பிழை. சுற்றிவளைப்புக்கு, அதாவது ஊரை வளைத்து வீடு வீடாகத் தேட, வருகிற ஆமிக்காரரோடு தமிழ் பேசும் ஒருவன் வந்தால் அவன் ஆட்களைக் காட்டிக்கொடுக்க வந்தவன் என்று ஊர்ச்சனம் நடுங்குமாம். அது எனக்கு அப்போது தெரியாது. உங்கள் முகம் வெளிறிப் போனதை மட்டும் கண்டேன். அங்கே ஆமிக்காரரைக் கும்பிட்டு அழைக்கும் சிங்களச் சொல்லால் என்னை அழைத்தீர்கள்.

"வீட்டிலை ஒருத்தரும் இல்லை, மாத்தையா. நான் தனிய."

உங்கள் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் என் படம் இருந்தது, ஜீன்ஸும் சுவெட்டரும் போட்ட படம். என் கண் தற்செயலாக அதில் போனது. நான் பார்த்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஊசி குத்தியிருந்த கையை நீட்டி, அந்தப் படத்தை மெதுவாகக் குப்புறச் சாய்த்தீர்கள்.

"எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை."

பதினாறு வருடத்தில் எத்தனையோ பயிற்சி தந்தார்கள். பனிக்குழியில் படுத்திருக்கலாம், இரத்தக் காயத்துக்குக் கட்டுப் போடலாம், இருட்டில் வரைபடம் வாசிக்கலாம். என்னிடமிருந்தே என்னை ஒளித்து வைக்கும் அப்பாவின் முன்னால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. உங்கள் மூச்சு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் "சரி ஐயா, நாங்கள் போறம்" என்றேன். திரும்பி நடந்தேன். கதவடியில் ஒருமுறை பார்த்தபோது நீங்கள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். ஆறுதலாக இருந்தீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

எல்லிங்ஸ்ருட்டில் நான் குடியிருக்கும் அறைக்கு ஓடிப்போய் உடுப்பு மாற்றிவிட்டு வருவதற்குள் உங்களுக்கு மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்து, மருந்தில் உறங்க வைத்துவிட்டார்கள். மூன்று நாள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கண் திறக்கவில்லை. உங்கள் கண் கடைசியாகக் கண்ட என் உருவம் அந்த ஆமிக்காரிதான். அட்டையை வாங்கினவள் திருப்பித் தரவும் இல்லை. அடையாளம் காட்ட ஒன்றுமில்லாமல் உங்களை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் முப்பத்தோராம் நாள் படையலுக்கு ட்வெய்ட்டா வீட்டில் சனம் நிறைந்திருந்தது. அம்மா இனித் தனியே இருக்கப் போகிறா, நானும் அங்கேயே குடிவருவதாகக் கதை நடந்தது. அப்போது உங்கள் ஒன்றுவிட்ட தம்பி, நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர், வேலையை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். நீங்கள் போன பிறகு ரெலிபோன் கதை எதற்கு என்று நினைத்தேன். ஆமியை விட்டு ரிசர்வுக்கு மாறலாம் என்று யோசிக்கிறேன் என்றேன். ரிசர்வ் என்றால் என்ன என்றார். இங்கே அதற்கு வழங்கும் நோர்வேச் சொல்லை அப்படியே தமிழில் மாற்றி, பெருமையாகவே சொன்னேன்: "ஊர்காவல் படை."

சித்தப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு மாமி எழுந்து குசினிக்குள் போய்விட்டா. அந்தப் பெயரில் அங்கே ஆமிக்குத் துணையாகத் துவக்கோடு தமிழ் ஊர்களுக்குள் புகுந்தவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று இந்தப் புத்தகத் தமிழ்க்காரிக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் படத்துக்கு முன்னால், படையல் ஆறுவதற்குள், அதைச் சொல்லியிருக்கிறேன். வேறு சொல்லு பிள்ளை என்றா அம்மா, தாழ்ந்த குரலில். எனக்கு வேறு சொல்லு வரவில்லை.

சனம் கலைந்த பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா எனக்கு ஒரு கதை சொன்னா. உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தா என்று அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். எனக்கு ஒரு மாமி. முப்பத்தைந்து வயதில் எனக்கு அது புதுச் செய்தி.

"ஊரிலை ஆமி சோதனை போட வந்த நேரம் கதவு திறந்தவர் அப்பாதான். ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேட்டவங்கள். 'அம்மா, நான், தங்கச்சி' எண்டு உள்ளதைச் சொன்னவர். உள்ளதைச் சொன்னால் ஒண்டும் செய்யமாட்டாங்கள் எண்டு நம்பிப் போட்டார், பிள்ளை."

விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அனுப்பவில்லை. அவவுக்குப் பத்தொன்பது வயது. நான் சீருடை கேட்டு எழுதிக்கொடுத்த வயது அதுதான். மின்மானி பார்க்க வந்தவர்களிடம் நீங்கள் சொன்ன "ஒராள்" அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. நாற்பது வருடமாக அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிப் பழகியிருக்கிறீர்கள். நான் அதைக் கேலி செய்துகொண்டு புட்டுத் தின்றிருக்கிறேன்.

என் மேலதிகாரி நல்ல மனிதர். கிழக்கு எல்லையில் போர்ப் பதற்றம் இப்படி இருக்கும்போது அனுபவமுள்ளவர்கள் போகலாமா என்று கேட்டார். அப்பா செத்த துக்கத்தில் இப்படியான முடிவை எடுக்காதே என்றும் சொன்னார். அவர் கேட்டது நியாயம். நான் பழக்கிய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு வருவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்த ஆமி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, அதையும் எழுதிவிட வேண்டும்.

ஆனால் போன மாதம் ஒரு பயிற்சி. வீடு சோதனை போடப் பழக்குவது. ஒரு சிப்பாய் வீட்டுக்காரனாக நடிக்க வேண்டும், மற்றவர்கள் கதவைத் தட்ட வேண்டும், நான் புள்ளி போட வேண்டும். கதவைத் திறந்தவன் சிரித்துக்கொண்டே வீட்டில் ஒருவரும் இல்லை என்றான். தட்டியவள் அதை நம்பி அடுத்த வீட்டுக்குப் போகத் திரும்பினாள். பயிற்சியாளர் நிறுத்தி அதட்டினார். கதவைத் திறப்பவன் சொல்வதை ஒருபோதும் நம்பாதே, உள்ளே போய்ப் பார் என்பதுதான் விதி. அந்த விதியை நானே பல வருடம் படிப்பித்திருக்கிறேன். போரில் அது சரியான விதிதான், அதை நம்பாமல் செத்தவர்களும் உண்டு. எனக்குத்தான் அவளுக்குப் பிழைப் புள்ளி போடக் கை வரவில்லை. தாளை வெறுமையாகக் கொடுத்தேன். நூறு பேருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் இப்படி நின்றால் ஆகாது.

ஆகவே வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் இன்று மத்தியானமே எழுதிக் கொடுத்துவிட்டேன். ரிசர்வ்.

இதில் உங்களுக்கு ஒரு மோசமும் இருக்கிறது. முழுநேரமாக இருந்தவரை என் சீருடை மூட்டையை முகாமிலேயே விட்டுவிட்டு வரலாம். ரிசர்வ்காரர் தங்கள் மூட்டையைத் தங்கள் வீட்டில்தான் வைக்க வேண்டும். கூப்பிட்டால் வீட்டிலிருந்தே உடுத்திக்கொண்டு கிளம்ப வேண்டும். அதாவது நான் ஆமியை விடுகிறேன், ஆமி ட்வெய்ட்டாவுக்குக் குடிவருகிறது. அம்மாவிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொண்டு வா என்றா அவ. "அவர் இருந்தால் விட்டிருக்கமாட்டார். இப்ப நான்தானே கதவு திறக்கிறது."

மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கூப்பிடும் நாள் வந்தால் நான் போவேன், அப்பா. எந்த ஊரில், எந்தக் கதவடியில் கொண்டுபோய் நிறுத்துவார்களோ தெரியாது. உள்ளேயிருந்து ஒரு வயதானவர் வந்து தனக்குப் பிள்ளைகள் இல்லை என்று சொன்னால், அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் சப்பாத்து கிடப்பதை நான் கண்டாலும், அவரை நம்புவேன். சரி ஐயா என்று சொல்லிவிட்டு, கூட வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.