மூடி மூடாத சுருள்கள்

இன்று ஆயுத பூசை. நம் கணக்கீட்டு நிலையத்தின் வாசலில், மாவிலைகளுக்கு நடுவே மஞ்சள் காகிதத் தோரணம் தொங்கியது. அருகே போனதும் எண்ணெய் வாடை அடித்தது. துளையிடும்போது நாடா கிழியாமல் ஓட வேண்டும் என்று காகிதத்தில் ஏற்றியிருப்பார்களே, அந்த எண்ணெய். தோரணமாகத் தொங்கியவை நீ துளையிட்ட நாடாக்கள். நீ இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. உன் எண்களுக்குச் சந்தனம் தெளித்திருந்தார்கள்.

அறுபதுகளின் நடுவில், காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து ஓர் அறக்கட்டளை இந்த நிலையத்தைத் தொடங்கியபோது, நம்மிடம் கணினி கிடையாது. நாடாவில் துளையிடும் எந்திரம் மட்டுமே இருந்தது. கணக்கை நாடாவாக்கி ரயிலில் சென்னைக்கு அனுப்புவோம். அங்கே பாதி வேலை முடிந்து, விடைகள் நாடாவாகவே திரும்பி வரும். அவற்றை நீ மறுபடி துளையிட்டு அனுப்ப, மீதி வேலை பம்பாயில், வேறொரு கணினியில். ஓர் எண்ணுக்கு அந்த எந்திரம் ஒதுக்கிய இடமும் இந்த எந்திரம் ஒதுக்கிய இடமும் ஒத்துப்போகவில்லை. உன் எண்களோ இரண்டிலும் அடங்காதவை. பின்னங்களைத் தசமமாக்கிச் சிதைக்காமல், பின்னங்களாகவே வைத்துச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும் என்பது உன் பிடிவாதம். ஒவ்வொரு படியிலும் எண்கள் நீண்டுகொண்டே போயின.

“எந்திரத்துக்குத் தக்கன எண்ணை வெட்டித் தைக்கிறதுக்கு நாம என்ன தையக்காரனாப்பா?” என்று கேட்டாய்.

நீ கண்ட வழி எளிமையானது. ஒரு சுருளுக்கு ஓர் எண், ஒரு சுருளுக்கு ஒரு தகர டப்பா. அது மிகை எண்ணா குறை எண்ணா என்பதையும், பின்னால் எத்தனை வரிசைத் துளைகள் வருகின்றன என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அந்த நீளத்தை எழுத ஒரு வரிசை போதாவிட்டால், ஓரத்தில் ஒரு துளை ‘இன்னும் இருக்கிறது’ என்று அறிவிக்கும். அதன்பிறகுதான் எண், ஒன்றாம் இடம் முதலில், ஆகப் பெரிய இடம் கடைசியில். ஏன் தலைகீழாக என்று கேட்டேன்.

“கூட்டும்போது எங்குட்டிருந்து தொடங்குற? அங்குட்டிருந்துதான் எழுதணும். அப்பத்தான் எந்த ஊரு எந்திரமும் தடுமாறாம வாசிக்கும்.”

இதை இயக்குநரின் அறையில், அவர் முன்னிலையிலேயே கரும்பலகையில் எழுதி விளக்கினாய். அவரும் தலையாட்டினார்.

நம் நாடாக்களோடு பம்பாயிலிருந்து திரும்பி வந்த விடைகளைச் சமன்பாடுகளில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எல்லோரையும் கூட்டி வைத்து இயக்குநர் உன்னைக் கேட்டார்: “பெரிய எண்ணு, பெரிய எண்ணுன்னு குதிச்சீகளே. தப்பையும் பெருசாத்தான் பண்ணியிருக்கீக!” சிரித்தவர்களின் முகங்கள் எனக்கு இன்றும் தெரியும். அறிக்கையிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு, ‘ஆய்வாளரின் கணக்கீட்டுப் பிழை’ என்று அச்சிட்டார்கள். நாடாக்கள் இருந்த அறைக்குள் நீ நுழையக் கூடாது என்று ஓர் உத்தரவு வேறு.

நீ நாடாவைச் சந்தேகிக்கவில்லை. உன்னைச் சந்தேகித்தாய். வேலையை விட்டுவிட்டுத் திருப்பத்தூரில் பள்ளிக்கூட வாத்தியாராகி, விடுமுறைதோறும் அந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். வரும்போதெல்லாம் என்னிடம், “எங்கேயோ விட்டுட்டேன்ப்பா. கண்ணுல பட மாட்டேங்குது” என்பாய். படாது. இல்லாத ஒன்று எப்படிக் கண்ணில் படும்?

இன்று தோரணத்திலிருந்து ஒரு நாடாவை அவிழ்த்து, தொடக்கத் துளைகளை வாசித்தேன். அவை சொன்ன நீளம் மிகப் பெரியது. விரலால் தடவிக்கொண்டே போனேன். பாதிகூடப் போகவில்லை, துளைகள் நின்றுவிட்டன. கத்தரிக்கோல் வெட்டு, அதன்மேல் பசை, அதற்கப்பால் நாடா எந்திரத்தில் சிக்காமல் வெளியே வருவதற்கென்று ஒட்டிய வெற்று நாடா. துளையில்லாத வரிசையும், நாடா தீர்ந்தபின் வரும் வெறுமையும் எந்திரத்துக்குப் பூஜ்யம்தான். உன் எண்ணின் ஆகப் பெரிய பகுதியை வெட்டியெறிந்து, அந்த இடத்தில் பூஜ்யங்களை ஒட்டிப் பம்பாய்க்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாடாவும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பொருள் அறையைக் கவனிக்கும் பெரியவர் பொரியை அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டினேன்.

“நானாவா வெட்டுவேன்? அய்யாதான் சொன்னாக. அறங்காவலரு பாக்க வாராக, கல்யாணத்துக்குச் சாமான் பரப்புன மாதிரி டப்பாவெல்லாம் ஒரே சீரா இருக்கணும்னாக. மூடி மூடாத சுருளையெல்லாம் வெட்டச் சொன்னாக. ஒங்க கூட்டாளி அப்ப ஊருல இல்ல. அவுக ஆத்தா கருமாதிக்குப் போயிருந்தாக.”

நீ தாய்க்குக் காரியம் செய்துகொண்டிருந்தபோது, அலமாரி அழகுக்காக உன் உழைப்பை வெட்டியிருக்கிறார்கள். நாடாவோடு இயக்குநரிடம் போனேன். அவர் மறுக்கவே இல்லை.

“ஆமா, சொன்னேன். எண்ணுல கடைசியா இருக்கிறது சில்லறைதானேங்க?”

“அவன் எழுதுனதுல கடைசியாத்தான் தலை இருக்கு. ஒங்களுக்கு முன்னாடிதான விளக்குனான். தலையாட்டுனீகளே!”

“ஒரு நாளைக்கு ஆயிரம் பேரு வந்து விளக்குறாக. எல்லாம் மண்டையில நிக்குமா? ஆளே போயாச்சு, இனிமே திருத்தி யாருக்குப் பிரயோசனம்? பூசையும் அதுவுமா ஏன் கசப்பு? சுண்டல் எடுத்துக்கிருங்க.”

சொல்லிவிட்டு விரலில் ஒட்டிய தேங்காய்த் துருவலை நக்கினார். நீ குற்றமற்றவன் என்று அந்தக் கணத்தில் உறுதியாக அறிந்தவர்கள் மூவர். என்னைத் தவிர மற்ற இருவரும், பெரியவரும் இயக்குநரும், சுண்டல் சாப்பிட்டார்கள். குற்றம் வெளிப்பட்டதும் மனிதன் கூசுவான் என்று இத்தனை வயதுவரை நம்பியிருந்தேன்.

பிற்பகல் பேருந்தில் திருப்பத்தூருக்குப் போய் உன் மனைவியிடம் சொன்னேன்.

“தன்னையத்தாண்ணே கடைசி வரைக்கும் வைஞ்சுக்கிட்டிருந்தாக. எனக்குப் பாக்கச் சகிக்கல. ‘விடுங்க, தப்பு எல்லாருக்கும் வரத்தான் செய்யும்’னு நானே ஒரு நா சொல்லிட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னான்?”

“‘சரி’ன்னாக. அதுக்கப்புறம் அந்தக் கணக்கைத் தொடவே இல்ல.”

அறங்காவலர்களுக்கு எழுதிவிட்டேன். அந்த அறிக்கையை இயக்குநரின் கையாலேயே திருத்த வைப்பேன். அதுவரை அந்த நிலையத்தின் எந்தத் தாளிலும் என் கையெழுத்து இருக்காது. அதெல்லாம் நடக்கக்கூடியதுதான். ஆனால் தோராயத்தை ஒருநாளும் ஏற்காத நீ, செய்யாத பிழையை உன்னுடையதென்று ஏற்று மனைவியிடம் சொன்னாயே ஒரு ‘சரி’, அதை எந்த அறங்காவலராலும் திருத்த முடியாது. நான் சுமப்பது அதைத்தான்.