பிரிவால் வாடுவோர்

பெம்பான்
ஞாயிற்றுக்கிழமை

கலைமகளுக்கு,

டப்ளினில் நீ சுகமாக இருக்கிறாயா என்று முதலில் கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, எனக்கு இடது முட்டி, அது பழைய கதை. இந்தக் காலத்தில் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். உன் அம்மா கூப்பிட்டால் இரண்டாவது மணியில் எடுக்கிறாய், என் நம்பர் என்றால் அடித்து அடித்து ஓய்ந்து போகிறது. வாட்சாப்பில் அனுப்பினால் நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. காகிதத்தைக் கிழித்துப் போடுவதானாலும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

போன வியாழக்கிழமை உன் தம்பி திலீப்புக்கு முப்பத்தொன்றாம் நாள் நினைவஞ்சலி பேப்பரில் வந்தது. எழுதியது உன் தங்கை ஷாமினி. பதினாறு வயதுதான், ஆனாலும் இந்த வீட்டில் எழுத்து வேலை எல்லாம் அவள்தான், நீ வாங்கி அனுப்பிய நோட்டுப் புத்தகங்களில் கதை கவிதை என்று நிரப்பிக்கொண்டிருக்கிறவள். அண்ணனுக்கு நான்தான் எழுதுவேன் என்றாள், நானும் சரி என்றேன், அனுப்பும் முன் காட்டச் சொல்லவில்லை. காலையில் பாசார் முன்னால் இருக்கிற டீக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தேன். கூட உட்கார்ந்திருந்த ஹரிதாஸ் பேப்பரை என் பக்கம் தள்ளினான். படம் நன்றாக வந்திருந்தது, கீழே நான்கு வரிக் கவிதை. சொல்ல வெட்கமில்லை, கடையில் வைத்தே அழுதுவிட்டேன். அப்போதுதான் அவன், "அண்ணே, எங்கண்ணே ஒங்க பேரு?" என்று கேட்டான். பிரிவால் வாடும் அம்மா விஜயராணி, அக்கா கலைமகள், தங்கை ஷாமினி, செர்காம் இறால் குளத்து நண்பர்கள் என்று போட்டிருக்கிறது. இறால் குளத்துக்காரர்களுக்கு இடம் இருக்கிறது, பெற்றவனுக்கு இல்லை. அச்சுப் பிழை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அங்கே ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்து கேட்டால் ஷாமினி அழவுமில்லை கத்தவுமில்லை. "அன்னிக்கு நீங்க எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். இன்னிக்கு நானா எடுத்தேன், அவ்ளோதான்லா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. உன் அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். இதெல்லாம் உன் வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாவுக்கு வந்தாய், மூன்று நாள் இருந்தாய், மூன்று நாளும் ஷாமினியோடு அறைக்குள்ளேயே இருந்தாய். மனசில் இருப்பதை எழுதடி என்று நீ சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. எழுதிவிட்டாள், திருப்திதானே. பற்ற வைத்துவிட்டுப் போனவளுக்கு அங்கே குளிர், சூடு இங்கே இருக்கிற எனக்குத்தான்.

அன்று எதை எடுக்கச் சொன்னேன் என்பதை அவள் உன்னிடம் எப்படிச் சொன்னாளோ, என் வாயாலும் ஒருமுறை கேள். மில்லில் நான் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையைத் திலீப் சொல்லாமல் விட்டான், செர்காமில் இறால் வளர்க்கப் போனான். எனக்காக அவனை வேலைக்கு எடுத்தவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று கேட்டதற்கு, அது ஒங்க முகம், என் முகமில்ல என்றான். அடுத்த மாதம் நம் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேச அட்டை அடித்தோம், ஷாமினிதான் எழுதினாள். தங்கள் வரவை எதிர்பார்க்கும் என்று போட்டு உங்கள் மூவர் பேரையும் வரிசையாக எழுதியிருந்தாள். திலீப் பேரை எடு என்றேன். அண்ணன் பேரு இல்லாம எப்படிப்பா என்றாள். சொன்னதைச் செய் என்றேன், செய்தாள். நான் முப்பது வருடம் எஸ்டேட்டில் மண்டோராக இருந்தவன். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசிப்பேன். எதிர்த்துப் பேசியவன் பேரை வாசிக்காமல் விட்டால் அன்று அவனுக்கு வேலை இல்லை. மறுநாள் தானாக வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான், வாசிப்பேன், கதை முடிந்தது. பெற்ற பிள்ளைக்கும் அதையே செய்தேன். வந்து நிற்பான், வாசித்துவிடலாம் என்று இருந்தேன். நான்கு மாதம் அவன் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மழையில் ஜாசின் ரோட்டில் அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது, நான் போய்ப் பார்த்தது ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில்.

உன் அம்மாவுக்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன், அன்பினால் என்று நினைத்துக்கொள்ளாதே, சொல்ல வேறு ஆள் இல்லை. போலீஸ் அவன் பர்சை என்னிடம்தான் கொடுத்தார்கள். உள்ளே அந்தக் கிரகப்பிரவேச அட்டை நான்காக மடித்து இருந்தது. உன் பேருக்கும் ஷாமினி பேருக்கும் நடுவில் திலீப் என்று நீலப் பேனாவால் எழுதியிருந்தது, அவள் கையெழுத்து. டியூஷன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி செர்காம் வரைக்கும் போய்க் கொடுத்திருக்க வேண்டும். மை மழையில் கொஞ்சம் ஊறிவிட்டது, பேர் தெரிகிறது. நான் எடுத்த பேரை அந்தச் சின்னப் பெண் திரும்ப எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், அவனும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். அட்டை இப்போது என் அலமாரியில் துண்டுக்கு அடியில் இருக்கிறது. வியாழக்கிழமை அவளைக் கை நீட்டி அடிக்காமல் விட்டதற்கு அந்த அட்டைதான் காரணம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவன் சமாதியில் மண் இறங்கட்டும் என்று காத்திருக்கிறோம், அது முடிந்ததும் கல் வைக்க வேண்டும். பேப்பர் என்றால் மறுநாள் மீன் கட்டப் போய்விடும், கல் அப்படியா, நானும் உன் அம்மாவும் போன பிறகும் நிற்கும். என்ன வெட்டுவது என்று வருகிற சனிக்கிழமை மதியத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார் கல்லுக்கடை முதலாளி தவுக்கே. கல்லுக்கும் ஷாமினிதான் எழுதுவாள் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். நானே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நேற்றுக் கடைக்குப் போனேன். தவுக்கே காகிதமும் பேனாவும் கொடுத்து நாற்காலி போட்டார். மகன் பேர் எழுதினேன், பிறந்த தேதி, இறந்த தேதி எழுதினேன். அப்பா சேகரன் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. நானாகப் போட்டுக்கொண்டால் அதற்கு என்ன மதிப்பு, கல்லில் இருக்கும், அவ்வளவுதான். ஷாமினி போட வேண்டும். காகிதத்தைக் கசக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் நீ சொன்னால் அவள் கேட்பாள். என் பேரை மேலே போட வேண்டாம், உங்கள் எல்லாருக்கும் கீழே, இறால் குளத்துக்காரர்களுக்கும் கீழே போட்டால் போதும். முடியாது என்று அவள் சொன்னால் கட்டாயப்படுத்தாதே, கட்டாயப்படுத்திப் பேரை எடுக்க வைத்தது ஒருமுறை போதும். அந்த அட்டை என்னிடம் இருப்பதை மட்டும் அவளிடம் சொல், அவன் அதைக் கடைசி வரை வைத்திருந்தான் என்று சொல், அது அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

டூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, வெறும் ரொட்டியைத் தின்று படுக்காதே. மாரியம்மாள் உன்னைக் காப்பாற்றட்டும். இது கைக்கு வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது, அதனால் எழுதி முடித்ததும் படம் பிடித்து வாட்சாப்பிலும் அனுப்புகிறேன், பதில் போடாவிட்டாலும் படி. சனிக்கிழமை மதியம் என்பதை மறந்துவிடாதே. கீழே வெறும் பேரைத்தான் போட்டிருக்கிறேன், அதற்கு முன்னால் வர வேண்டிய சொல்லை நானே எழுதிக்கொள்ளப் போவதில்லை.

இப்படிக்கு,
சேகரன்