பதினாலாம் நம்பர் வீட்டுப் பெயர்

2-11-2009, திங்கள்
தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் அப்பா பாதியிலேயே நின்றுவிடுகிறார். கேட்டால் ரயில் பார்க்கிறாராம். கீழே ரயிலே இல்லை.

6-11, வெள்ளி
அப்பாவுக்கு இதயத்தில் வால்வு பழுது. ஆபரேஷன் செய்தே ஆகணும். "கவர்மெண்ட் காப்பீட்டு அட்டை இருந்தா செலவே இல்ல" என்றார் டாக்டர். அப்பா தரையைப் பார்த்தார்.

தோல் கம்பெனியில் அப்பா ரிட்டயர் ஆனதோடு இஎஸ்ஐ வைத்தியம் போச்சு. செப்டம்பரில் எங்கள் தெருவுக்கு அட்டை முகாம் வந்தது. பெயர் எழுதியவள் மகளிர் குழுத் தலைவி தனக்கோடி. அப்பா போய்க் கேட்டபோது, "பென்சன் வாங்கறவங்களுக்கு கெடையாதுண்ணா, வூட்டுக்குப் போ" என்றாளாம். நம்பிவிட்டார். நானும்தான்.

10-11, செவ்வாய்
நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு தனக்கோடி வந்தாள். கையில் முகாம் பட்டியல், மூன்று தாள். "சீக்கிரம் போடுடி ஊமக்கோட்டான், ஆட்டோ நிக்குது." வாரிக்கொண்டு ஓடினாள். கடைசித் தாள் மிஷின் கண்ணாடி மேலேயே கிடந்தது. தினமும் யாராவது இப்படி விட்டுப் போவார்கள்.

அவள் கையெழுத்து. பதினாலாம் நம்பர் - எங்கள் வீடு. "கேசவன்" என்று அப்பா பெயரை எழுதி அடித்திருந்தது. மேலே அவள் தம்பி பெயர். அவன் குடியிருப்பது பெரும்பாக்கத்தில்! அதற்குக் கீழ் வரியில் அவள் புருஷன் இளமாறன். அப்பாவோடு அதே கம்பெனியில் ரிட்டயர் ஆனவர். அதே பென்ஷன்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். "தாளு ஒண்ணு இங்க கீதான்னு பாரு."
"இல்லக்கா."
பொய் இவ்வளவு இனிக்குமா?

11-11, புதன்
சோறு இறங்கவில்லை. அவள் முடியைப் பிடித்துத் தெருவில் இழுப்பதுபோல் நினைத்துப் பார்த்தேன். பிறகு எல்லார் முன்னாலும் அவள் அழுவதுபோல். அது இன்னும் நன்றாக இருந்தது.

13-11, வெள்ளி
தாலுகா ஆபீஸ் போனோம். பென்ஷன் வாங்கினாலும் உண்டாம். "விட்டுப்போச்சுன்னு லிஸ்ட் எழுதினவங்க நேர்ல வந்து கையெழுத்து போடணும். வர்ற புதன் கடைசி" என்றார் கிளார்க்.

"அவகிட்ட போய் நிக்க வேணாம்மா, விடு" என்றார் அப்பா.

விடறதா? நானா?

15-11, ஞாயிறு
தனக்கோடி வீட்டுக்குத் தனியாகப் போனேன்.

"இன்னாடி, ஒம்பதாவது ஃபெயிலு! உனக்கு பேச்சுகூட வருமா?"

தாளைக் காட்டினேன். முகம் சுண்டிப்போனது. "கொட்த்துடு கண்ணு. யாரும் பாக்கல இல்ல?"

"புதன்கிழமை வந்து கையெழுத்து போடுங்க. அப்புறம் தரேன்."

என் குரல்தானா அது?

18-11, புதன்
வந்தாள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றாள். "கவனிக்காம வுட்டுட்டேன் சார்" என்று கையெழுத்துப் போட்டாள். அப்பாவை ஃபோட்டோ எடுத்து, விரல் ரேகை வாங்கினார்கள்.

வெளியே வந்ததும் தாளைக் கொடுத்தேன். அங்கேயே சுக்கல் சுக்கலாகக் கிழித்தாள். "அவ்ளோதான். இனிமே நீ யாரோ நான் யாரோ" என்று சிரித்தாள்.

அப்பா அவளைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்டார்!

4-12, வெள்ளி
ஆபரேஷன் முடிந்தது. அட்டையைக் காட்டினோம், காசு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

7-12, திங்கள்
அரை மணி முன்னாலேயே கடையைத் திறந்தேன். அந்தத் தாளிலிருந்து போன மாதமே எடுத்துவைத்த காப்பியைக் கண்ணாடி மேல் வைத்து, இருபது போட்டேன். முதலாவதை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினேன்.