பெயர் வெட்டிய போத்தல்

நெடுந்தீவு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் நிலுஜாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் நான்கு மாடுகளும் சுகம், சிவப்பி மட்டும் பின்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது, அதுவும் பால் கறக்கப் போகும்போது மட்டும்தான். அங்கே ஒஸ்லோவில் நீயும் மருமகன் உதயனும் பேரப்பிள்ளையும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அந்தோனியாரிடம் தினமும் சொல்லி வைக்கிறேன், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நேற்றுத்தானே வீடியோவில் கதைத்தோம், பிறகு ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். உன் அம்மா லவுட்ஸ்பீக்கரைப் போடாமல் போனில் கதைக்கமாட்டார், போட்டால் பக்கத்து வீட்டுத் தம்பிஐயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே உன்னிடம் சுகம் விசாரிப்பார், அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் தன் குற்றத்தை எப்படி ஒப்புக்கொள்வது. ஒஸ்லோவிலிருந்து வந்த கிறிஸ்ரியின் இரண்டு மாத லீவு வியாழனோடு முடிகிறது. நீ அனுப்பிய போத்தலைக் கொண்டுவந்து தந்தவன் அவன், ஆகையால் போத்தலைப் பற்றிய உண்மையையும் அவனே கொண்டுவரட்டும்.

முதலில் சின்னப் பொய்யைச் சொல்லி முடிக்கிறேன். பழைய பிளாஸ்டிக் போத்தலை எறிந்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, எறிந்தது உண்மை, ஆனால் மாட்டுக்கொட்டில் வரைக்கும்தான் எறிந்தேன். கோயில் பெருநாளுக்கு வாங்கிய சோடாப் போத்தல் அது, நாலு வருடம் சைக்கிளில் தொங்கி வெயிலில் காய்ந்தது, போத்தல் ஒரு நிறம் மூடி இன்னொரு நிறம். நீ அதை வீடியோவில் கண்டு, அப்பா அது தண்ணி குடிக்கிற சாமானில்லை, தூக்கி எறியுங்கோ என்று போட்ட சத்தத்தில் பேரன் நித்திரையால் எழும்பி அழுதான். இப்போது அதில்தான் கன்றுக்கு மருந்து பருக்குகிறோம், கன்றும் முகத்தைச் சுழிக்கிறது. தை மாதம் எனக்குச் சிறுநீரகக் கல்லுக் குத்து வந்து படகில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனபோது டாக்குத்தர் சொன்னது உனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் தண்ணீர், இல்லாவிட்டால் அடுத்த முறை கத்தி. மாட்டோடு வெட்டவெளியில் நின்றுவிட்டுப் பத்து மணிக்கு அந்தப் போத்தலைத் திறந்தால் தேத்தண்ணீர் போடும் அளவுக்குச் சூடு, பிளாஸ்டிக் மணம் வேறு, ஒரு மிடறு விழுங்கிவிட்டு மிச்சத்தைப் பூவரசுக்கு ஊற்றிவிடுவேன் என்று அவரிடம் சொன்னேன். பூவரசுக்குக் கல்லு வராது, உங்களுக்குத்தான் வரும், ஒரு சில்வர் போத்தல் எடுங்கோ என்றார். நீயும் அவரும் பேசி வைத்ததுபோல் இருந்தது.

பிறகு உன் போத்தல் வந்தது. காலையில் அம்மா ஐஸ்கட்டி போட்டுத் தந்தால் பின்னேரம் ஆட்டிப் பார்க்கும்போதும் உள்ளே கிலுக் கிலுக் என்கிறது. அந்தச் சத்தம் கேட்க இறங்குதுறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் சத்தம் கேட்டுவிட்டுப் போகவில்லை, ஆளுக்கு ஒரு மிடறு அண்ணாந்து குடித்துவிட்டுத்தான் போனார்கள். அப்படியிருந்தும் அந்த மாதம் நான் மூன்று லீற்றரும் குடித்தேன், மற்ற விபரத்தை மகளுக்கு எழுதுவது அழகில்லை, டாக்குத்தர் சந்தோசப்பட்டார் என்பதோடு நிறுத்துகிறேன்.

கரைச்சல் படகில் தொடங்கியது. தம்பிஐயாவின் மகனும் பிரான்சிலிருந்து அதே நிறத்தில் அதே உயரத்தில் ஒன்று அனுப்பியிருக்கிறான். நானும் அவரும் குறிகட்டுவான் துறையில் இறங்கும்போது போத்தல்கள் மாறிவிட்டன, நடுவழியில் பேருந்தில் நான் ஒரு வாய் குடித்தால் கொத்தமல்லிக் கசாயம். உன் அம்மாவைத் தெரியும்தானே, எங்கட வீட்டுச் சாமானெண்டால் பேர் வெட்டியிருக்க வேணும், பேரில்லாட்டி அது ஊர்ச் சாமான் என்று தொடங்கிவிட்டார். செத்த வீட்டுக்கும் பெருநாளுக்கும் இரவல் போன எங்கள் கிடாரம், சருவச்சட்டி, மூக்குப்பேணி எல்லாம் பெயர் இருந்தபடியால்தானே திரும்பி வந்தன. மறு சனிக்கிழமையே யாழ்ப்பாணச் சந்தைப் பக்கம் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற மனிசனிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிசன், தட்டிப் பார்த்துவிட்டு, அண்ணை, இது ரெண்டு சுவர் வைச்ச போத்தல் போலக் கிடக்கு, அடிக்கலாமோ தெரியேல்லை என்று கேட்டார். நான் பிறந்த நாள் தொடக்கம் சில்வர் பாக்கிறனான், நீர் அடியும் என்றேன். இதை நான் சொல்லவில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அங்கே நின்றது நான் ஒருவன்தான். முதல் எழுத்து அழகாக விழுந்தது. இரண்டாவது எழுத்தில் உளியை வைத்து அடித்தபோது உஸ் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, நுளம்பு என்று நினைத்துக் கையை விசுக்கினேன்.

அடுத்த நாள் ஒன்பது மணிக்கே ஐஸ் கரைந்துவிட்டது. முதலில் அம்மாவைச் சந்தேகப்பட்டேன், ஐஸைக் குறைத்துப் போடுகிறார் என்று இரண்டு நாள் குசினிப் பக்கம் போகாமல் கோபத்தில் இருந்தேன். பிறகு வெயிலை, பிறகு உன் நோர்வேக்காரரை. கடைசியில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாகீசன் மாஸ்டரிடம் ஒளித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றுக்கூட இல்லாமல் செய்துதான் விற்கிறார்களாம், உளி துளைத்த ஊசித் துளையால் காற்று உள்ளே போய்விட்டதாம். கோயில் மெழுகுதிரியை உருக்கி அடைத்தேன், பசை பூசினேன். துளையை அடைக்கலாம் ஐயா, போன வெறுமையைத் திருப்பி வைக்க ஏலாது என்றார் மாஸ்டர். ஒன்றுமே இல்லாத ஒன்றை உடைத்த ஆள் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றிலிருந்து உனக்குப் பெரிய பொய் சொல்லி வருகிறேன். வீடியோவில் போத்தலைத் தூக்கிக் குடித்துவிட்டுப் பல்லுக் கூசுது பிள்ளை என்று நடித்தேன், நீயும் சிரித்தாய். உண்மையில் மறுபடியும் பூவரசுதான் குடித்தது. போன கிழமை விலாவில் அந்தக் குத்து எட்டிப் பார்த்தது, பெரிதாக இல்லை, பயப்படாதே, ஆனால் நான் பயந்துபோனேன். நீ அந்தக் குளிரில் இரவு வேலை பார்த்து அனுப்பியதைக் கெடுத்ததும் அல்லாமல் உன்னையே ஏமாற்றிக்கொண்டு கத்திக்குப் போகப் போகிறேனே என்று வெட்கமாக இருந்தது, அழுதும்விட்டேன்.

ஞாயிறு பூசைக்குப் போய் வந்து பார்த்தால் போத்தலுக்கு ஒரு சட்டை. என் பழைய சாரத் துணியையும் சாக்கையும் சேர்த்து அம்மா தைத்திருக்கிறார், அதை நனைத்துக் காற்றுப் படுகிற நிழலில் தொங்கவிட்டால் தண்ணீர் தொண்டைக்கு இதமாகக் குளிர்ந்துவிடுகிறது, சில்வர் என்றபடியால் மணமும் இல்லை. உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஐஸ் போடுறவளுக்குத் தெரியாதோ, முதல் நாளே தெரியும், நீங்கள் எவ்வளவு தூரம் போறியளெண்டு பாத்துக்கொண்டிருந்தனான் என்றார். வெளிக்குக் கொண்டுபோனாலும் பூவரச மரத்தில்தான் தொங்குகிறது, பாவம் மரத்துக்கு இப்போது ஒன்றும் கிடைப்பதில்லை. மூன்று நாளாக மூன்று லீற்றரும் உள்ளே போகிறது, குத்தும் இல்லை, அடுத்த கிழமை புதன் டாக்குத்தரிடம் காட்டுவேன், அவர் சொல்வதை இந்த முறை அப்படியே சொல்வேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. என் பெயரைத்தான் வெட்டச் சொல்லி அம்மா அனுப்பினார். அந்த மனிசன் உளியை எடுத்துக்கொண்டு என்ன பேர் அண்ணை என்று கேட்டபோது என் வாயில் வந்தது உன் பெயர். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மா அந்த இடத்தை மட்டும் மூடாமல் சட்டையில் ஒரு யன்னல் விட்டுத் தைத்திருக்கிறார், தூக்கும்போதெல்லாம் கண்ணுக்கு நேரே நிலுஜா வருகிறது, பிறகு எப்படிக் குடிக்காமல் கீழே வைப்பது.

பேரனுக்குப் பிளாஸ்டிக்கில் சுடுபால் கொடுக்காதே, மருமகனுக்கு என் அன்பைச் சொல். உங்கள் மூன்று பேர் நெற்றியிலும் சிலுவை அடையாளம் போட்டதாக நினைத்துக்கொள், மாதாவின் கை உங்கள் தலையில் இருக்கட்டும். ஞாபகமாக ஒன்று, இதைப் படித்துவிட்டுப் புதுப் போத்தல் வாங்கி யாரிடமாவது கொடுத்துவிடாதே. அப்படி வந்தால் அதையும் கொண்டுபோய்ப் பெயர் வெட்டுவேன். நீ ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது, நீயே கையில் கொண்டுவந்து தந்தால் மட்டும் வெட்டமாட்டேன், ஆள் பக்கத்தில் நிற்கும்போது பெயர் எதற்கு.

இப்படிக்கு,
தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் உன் அப்பா,
சூசைப்பிள்ளை