கண்ணாடிக் கதவில் என் பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் உன்னோடு இருக்கிறவளும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது, தைலம் தேய்த்தால் அடங்குகிறது.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். எங்கள் துணிக்கடை முதலாளி போன மாதம் ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் கல்யாணம் என்று ஏற்கக் கூடாது, மற்றவர்களுக்கு உள்ள உரிமை எதுவும் அவர்களுக்குக் கூடாது என்று பேசிவிட்டார். மறுநாளிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள், இங்கே வாங்காதீர்கள் என்று. ஜனமும் கேட்டது. தையல் அறையில் பத்து மெஷின் ஓடிய இடத்தில் மூன்றுதான் ஓடியது. அந்தப் படியை இனி மிதிக்காதே என்று அப்பா அன்றைக்கே சொன்னார். பத்தொன்பது வருஷம் கத்திரி பிடித்த இடம், இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். முதலில் வீட்டுக்கு அனுப்பியது காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற நம் காஜா அக்காவைத்தான். பேசினது அவரு, பட்டினி கிடக்கறது நானா என்று கேட்டுவிட்டுப் போனாள். அட்டை பிடித்த பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது, மறைப்பானேன்.

அடுத்த வாரம் முதலாளி ஒரு தாளை நீட்டினார். அவர் பேசியது சரி என்று வேலை செய்கிற எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிட்டேன் கண்ணு. உன்னைப் பெற்றவள்தான் போட்டேன். அதைத் தெருவைப் பார்த்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டார், மூன்றாவது பெயர் என்னுடையது. அப்பா வழியில் பார்த்திருக்கிறார். அன்று ராத்திரி தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நாலு நாள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனேன். ஐந்தாம் நாள் அட்டை பிடித்த பெண் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், இதுல உங்க பேர் எதும்மா என்று சாதாரணமாகக் கேட்டாள். உள்ளே போய்த் தாளைப் பிரித்தெடுத்து, கல்லாவில் கிடந்த பேனாவால் என் பெயரை அடித்தேன். முதலாளி திட்டவில்லை. கத்திரியை வச்சிட்டுக் கிளம்புங்கம்மா என்று மட்டும் சொன்னார்.

இப்போது தள்ளுபடி போட்டிருக்கிறார், ஜனம் மறுபடி மொய்க்கிறது. காஜா அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், என்னோடு பேசினால் மறுபடி வேலை போய்விடும் என்றோ என்னவோ, என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறாள். கதவைத் தாழ் போட்டியா என்கிற அளவுக்கு அப்பா பேசுகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாலு நாள் உனக்கு எதிராக என் பெயர் தெருவில் நின்றது, அதை நீ இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது. கோபம் வந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் இருங்கள். இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுடைய தோள் அளவும் கை நீளமும் மறக்காமல் எழுதி அனுப்பு, வீட்டு மெஷின் சும்மாதான் கிடக்கிறது.

உன் அம்மா