நாலு சொட்டு மருந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள், நான் இருமினால்கூட உனக்கு விளக்கம் சொல்வது அவள்தான். அதனால் கடிதம். இன்றைய ஊசியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன், குளிர் விட அரை மணி நேரம் ஆகும், அதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

மூன்றாவது கீமோ ஒருவழியாக முந்தாநாள் ஏறியது. இன்னும் மூன்று பாக்கி. ஒவ்வொரு கீமோவுக்கும் மறுநாளிலிருந்து ஐந்து நாளைக்கு, ரத்தத்தில் வெள்ளை அணு ஏறுவதற்காக, வயிற்றில் நானே போட்டுக்கொள்ளும் ஊசி இது. மருந்தை உள்ளேயே நிரப்பித் தருகிறார்கள், பாதிப் பென்சில் அளவுதான் இருக்கும். முதல் தடவை ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள், இரண்டாவதிலிருந்து வீட்டில். ஊசியைக் கண்டால் அம்மாவுக்கு மயக்கம் வரும் என்பது உனக்குத் தெரியாததா, உனக்குத் தடுப்பூசி போட்ட அன்றைக்கே உன்னை விட்டுவிட்டு அவளைத்தான் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பத்துவரை எண்ணுகிறாள், மருந்தை மெதுவாகத் தள்ளப் பத்து எண்ண வேண்டுமாம். பயத்தில் அவள் பத்தைத் தொடும்போது நான் நாலில் இருப்பேன். நீ சிரித்துக்கொள், நானும் அப்போது சிரித்தேன்.

போன மாதம் காய்ச்சலில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போனதால் இந்தக் கீமோ மூன்று வாரம் தள்ளிப்போனதையும் அம்மா சொல்லியிருப்பாள். ஏன் என்று சொல்லியிருக்கமாட்டாள், அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் டிப்போவில் பஸ்களின் டீசல் லைனைக் கழற்றி மாட்டியவன் உன் அப்பன். லைனில் காற்று புகுந்தால் இன்ஜின் பிடிக்காது, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை தள்ளி ஏர் எடுக்க வேண்டும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அந்த ஊசிக்குள்ளும் ஒரு காற்றுக் குமிழி இருந்தது. இரண்டாவது கீமோ முடிந்து ஐந்து நாளும் ஊசியை நிமிர்த்திப் பிடித்து, விரலால் சுண்டி, குமிழி போய் மருந்து சொட்டும்வரை தள்ளினேன். தினம் நாலு சொட்டாவது வாஷ்பேசினில் போயிருக்கும். வேலையைச் சுத்தமாகச் செய்தோம் என்ற திருப்தி வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் அன்று நர்ஸம்மா, ஊசியை எப்படிப் போட்டீர்கள், எங்கே செய்து காட்டுங்கள் என்றாள், அம்மா அப்போது கீழே மாத்திரை வாங்கப் போயிருந்தாள். செய்து காட்டினேன். “அந்தக் குமிழி ஒண்ணும் பண்ணாதுய்யா, அதை எடுக்கவே கூடாது, உள்ள இருக்கிறதே பத்துப் பன்னெண்டு சொட்டுதான்” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதனால்தான் வெள்ளை அணு இறங்கியது என்று சொல்ல முடியாது, சரியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கும் இறங்குவது உண்டு என்று சமாதானம் சொன்னாள். டாக்டருக்கும் விஷயம் போனது, அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மருந்து ஏறாத அந்த மூன்று வாரமும் கட்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் தெரியுமா, திராட்சையைத் தான் சரியாகக் கழுவாமல் கொடுத்ததால்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது என்று. அன்றிலிருந்து ஸ்பூனைக்கூட வேகவைக்கிறாள், கதவுக் கைப்பிடியை மணிக்கொரு தடவை லோஷன் போட்டுத் துடைக்கிறாள், உள்ளங்கை இரண்டும் உரிந்து தொங்குகிறது. சாப்பாட்டைப் பிசையும்போது எரிச்சலில் முகத்தைச் சுளிக்கிறாள், நான் பார்த்தால் உடனே சிரிக்கிறாள். எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிடுகிறேன். இருபது நாளாக வாயைத் திறக்கவில்லை. ஆறுதல் சொல்வதுபோல், போனது போகட்டும் விடு என்றுகூட ஒரு நாள் சொன்னேன். எப்பேர்ப்பட்ட ஆள் பார் உன் அப்பன்.

இப்போது ஊசியைக் கையில் எடுத்தாலே குமிழிதான் கண்ணுக்குத் தெரிகிறது. நேற்று மூன்று தடவை எடுத்து மூன்று தடவை கீழே வைத்துவிட்டுத்தான் போட்டேன். இன்றைக்கு அதுவும் முடியும் என்று தோன்றவில்லை. மனசு விட்டுப்போய்விட்டதம்மா. என் உடம்பை நானே கெடுத்துக்கொண்டு, பழியை அவள் தலையில் போட்டுவிட்டு, இன்னும் எதற்காகக் குத்திக்கொள்ள வேண்டும் என்றிருக்கிறது. வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று நினைக்கிறேன், பிறகு அவள் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது.

நீ பதறிக்கொண்டு ஓடி வராதே. புது வேலை, பிள்ளைகளுக்குப் படிப்பு, நீ வந்தும் இங்கே செய்ய ஒன்றுமில்லை. வழக்கம்போல அம்மாவுக்காகக் கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்து விடாமல் படிப்பாள், உனக்கு எழுதும் எந்தக் கடிதத்தையும் அவள் படிக்காமல் விட்டதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல்தான் உனக்கு எழுதினேன். காகிதத்தை ஊசிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுக்கப்போகிறேன். அந்த இடம் காலியாகவே வந்து சேர்ந்தால் அவளைத் தப்பாக நினைக்காதே.

பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முத்தம். நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். காரில் பிரேக் போட்டால் கிறீச்சென்கிறது என்றாயே, அதைத் தள்ளிப்போடாதே, இந்த வாரமே காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா

கண்ணு, எல்லாம் படித்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தார், எழுப்பி உட்கார வைத்தேன். இன்றைய ஊசியை நான் போட்டேன். எண்ணுவதை அவரை எண்ணச் சொன்னேன், ஆறுக்கு மேல் நானே எண்ணி முடித்தேன். அவர் சொல்வதை விடு. நீ கிளம்பி வா. அம்மா.