கிழட்டுக் காரில் பேத்திக்கு ஓர் ஆசனம்

1965 ஜூன் 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். நேற்று நடந்ததை இங்கேயாவது உண்மையாக எழுதிவிடுவது நல்லது. மாதுங்கா மார்க்கெட் முனையில் ஓர் ஆடு குறுக்கே வர, பிரேக் போட்டேன். முன்சீட்டில் கமலத்தின் மடியிலிருந்த பேத்தி சுதா நழுவிக் கீழே. அடி இல்லை; அழுகை மட்டும், அதிலும் பாதி என்னுடையது. "உன் பட்டுப் புடவைதான் வழுக்கிடுத்து" என்று மனைவி மேல் பழியைப் போட்டுவிட்டேன். முப்பத்தெட்டாம் வருஷத்துக் காரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என்னைச் சொல்ல அதைவிட.

பின்சீட்டிலிருந்து மகள் வசந்தா: "அப்பா, இனிமே குழந்தை இந்த வண்டியில ஏறமாட்டா. வர ஞாயித்துக்கிழமை அவ பர்த்டேக்கு செம்பூர்லேர்ந்து என் மாமனார் வண்டியிலேயே வந்துடறோம்."

சம்பந்தியின் வண்டி புத்தம் புதுசு. ஹாரன்கூட சுருதி சேர்ந்திருக்கும். விடக் கூடாது.

ஜூன் 16, புதன்

பலத்த மழை. தாராவி. தோல் பட்டறை காதர் பாய், திருநெல்வேலிக்காரர். இரும்புச் சட்டத்தில் குட்டி நாற்காலி, இரண்டு தோல் பெல்ட். முன்சீட்டோடு சேர்த்து இறுக்கிவிடுவாராம்.

"வண்டிக்கு வயசு என்ன சார்வாள்?"

"இருபத்தேழு."

"அப்ப வண்டிக்கும் சேத்து ஒரு பெல்ட்டு போட்டுருவோம்."

வாங்க வேண்டியவை: பஞ்சு, கித்தான் துணி, பூசணிக்காய் (பத்து கிலோ, சுதாவின் எடை). ஷேவிங் பிளேடு.

ஜூன் 19, சனி

சோதனை. நாற்காலியில் பூசணி. பட்டறைச் சந்தில் கொஞ்சம் வேகம், பிரேக்கில் ஒரே மிதி. பூசணி அசையவில்லை. ஆனால் முன்சீட்டே, நாற்காலி பூசணி சகிதமாக, ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

பாய் குனிந்து பார்த்தார். "பிள்ளைய பெல்ட்டு பிடிச்சிருக்கு. பெல்ட்ட சீட்டு பிடிச்சிருக்கு. சீட்ட யாரு பிடிச்சிருக்கா?"

தரையில் நான்கு ஓட்டைகள். போல்ட் ஒன்றுகூட இல்லை. வழக்கமாக வண்டியைப் பார்க்கும் சயான் மெக்கானிக் திருடிவிட்டான் என்று அங்கேயே தீர்ப்பு வழங்கினேன். பாய் புது போல்ட் நான்கு முடுக்கினார். மறு சோதனை, முழு வெற்றி.

ஆக, பட்டுப் புடவை நிரபராதி. கமலத்திடம் சொல்லவில்லை.

ஜூன் 20, ஞாயிறு

வெயில். சுதாவுக்கு இரண்டு வயது. செம்பூர் வாசலில் வசந்தா நாற்காலியை இழுத்தாள், ஆட்டினாள், பெல்ட்டில் தொங்கினாள். "சரிப்பா. ஆனா மெதுவா." சயானில் வேண்டுமென்றே ஒரு பிரேக். சுதா பெல்ட்டைக் கடித்துக்கொண்டு ராணி மாதிரி இருந்தாள். பின்சீட்டில் சம்பந்தி: "உங்க பாய் எனக்கும் ஒண்ணு பண்ணித் தருவாரா?" கேட்டுச் சொல்கிறேன் என்றேன், மெதுவாக.

வீடு வந்து, குழந்தைக்காக விளக்கேற்றப் பூஜை அலமாரியைத் திறந்தேன். விளக்குக்குப் பக்கத்தில் நான்கு போல்ட். சந்தனம், குங்குமம்.

"கமலம், இது என்ன?"

"போன ஆயுத பூஜைக்கு சீட்டைக் கழட்டித் துடைச்சுட்டு நீங்கதானே வெச்சேள்? எடுக்கவே இல்லையா, ஏதோ வேண்டுதலாக்கும்னு தினம் ஒரு பூ வெச்சுண்டிருக்கேன்."

இன்றைக்கு முல்லை.